முதலாளியின் இரண்டு ஜீப்புகள்

லுணுகலைக் கடைக்காரர் செல்லையா முதலாளியைப் பழைய ஜீப்பை வைத்து நினைப்பதா, புது ஜீப்பை வைத்து நினைப்பதா? காலையிலிருந்து யோசிக்கிறேன்... எனக்குத் தெரியவில்லை.

நேற்று மாலை போய்விட்டாராம். சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தவர் எழும்பவில்லை.

இங்கே எல்லோரும் போடும் பதிவுகளைப் பார்த்தேன். "தங்கமான மனுசன்." "தோட்டத்து மக்களின் ஆம்புலன்ஸ்." எல்லாவற்றிலும் ஒரே போட்டோ, பழைய ஜீப்பின் பானட்டில் கை வைத்தபடி.

இரண்டாவது ஜீப்போடு அவர் எடுத்த போட்டோக்களும் நிறைய உண்டு. ஒன்றையும் யாரும் போடவில்லை.

நான் அந்த இரண்டாவதைப் பற்றி எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம்.

தொண்ணூறுகளின் கடைசி. பேராதனையில் டிகிரி முடித்து, லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் எனக்கு முதல் நியமனம். தார் ரோடு முடியும் இடத்திலிருந்து மேற்கணக்குக்கு, அதாவது தோட்டத்தின் மேல் பிரிவுக்கு, வெறும் கல்லுப் பாதை. ஹயருக்கு, வாடகைக்கு, ஓடிய வண்டிகளில் முதலாளியின் ஜீப் மட்டும்தான் அதில் ஏறும்.

பழைய ஜீப் அழகில்லாதது. பின்னால் இரண்டு பக்கமும் நீளமான பெஞ்ச், நடுவில் தகரத் தரை. தரையில் ஓட்டை... பாதை ஓடுவது தெரியும்.

முழங்காலோடு முழங்கால் இடிக்கப் பத்துப் பன்னிரண்டு பேர் உட்காருவோம். யாருக்காவது முடியாமல் போனால் எல்லோரும் காலைத் தூக்கிக்கொள்வார்கள், நோயாளியை நடுவில் படுக்க வைப்பார்கள். அதற்கு யாரும் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை.

அதை விற்றுவிட்டு, அதே ஜீப்பின் புது மாடலை வாங்கினார். ஜப்பானில் ஓடி முடித்து வந்த ரீகண்டிஷன் வண்டி. மூலையெல்லாம் உருண்டு, பார்க்கக் கார் மாதிரி... ஏசி, பவர் ஸ்டியரிங், தரைக்குக் கார்பெட். பெஞ்ச் போய், பின்னாலும் முன்பக்கம் பார்த்த மெத்தை சீட்டுகள்.

செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும்.

"மொதலாளி, இது ஜீப்பா, மாரியம்மன் கோயிலா?" என்று கேட்டாள் தெய்வானை.

"சேத்துக் காலோட கோயிலுக்குத்தான் போவியா? தொடச்சிட்டு ஏறு."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கின் நுனியால் காலைத் துடைத்துக்கொண்டு ஏறினாள்.

தெய்வானை என் வயதுக்காரி, கொழுந்து பறிப்பவள், பக்கத்து லயத்து வரிசை வீட்டில் இருந்தவள். வந்த புதிதில் என் காலில் அட்டை ஏறினால் சோப்புத் துண்டோடு ஓடி வருவாள். "டீச்சருக்கு எல்லாம் படிச்சிக் குடுத்தாங்க, அட்டைய மட்டும் விட்டுட்டாங்க" என்பாள்.

அந்தப் புது மாடலை முதலாளியைத் தவிர யாருக்கும் பிடிக்கவில்லை. "பழசு ஒடஞ்சா கம்பி போதும். இது ஒடஞ்சா கொழும்புக்குக் கடுதாசி போடணும்" என்றார் எங்கள் கங்காணி.

முதலாளி எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தார். "பழசுல போயி இடுப்பு ஒடஞ்சவங்களக் கேளுங்க. இதுல ஒக்காந்தா தூக்கம் வருது."

ஒரு சனிக்கிழமை மத்தியானம். கொழுந்துக் கூடையோடு தெய்வானை சறுக்கி, மண் சரியாமல் கட்டிய கல்லு அணைக்கு மேலாகக் கீழே விழுந்தாள். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை என்றாள்.

பலகையில் வைத்துப் பாதைக்குக் கொண்டுவந்தோம். ஜீப் அங்கேயே நின்றது. கடைச் சாமான் இறக்கிவிட்டு, காலியாக.

"ரத்தம் வருதா?" முதலாளி கேட்ட முதல் கேள்வி அது.

இல்லை என்றதும் பின் கதவைத் திறந்தார். உட்கார வைக்கப் பார்த்தார்கள்... அவள் போட்ட சத்தத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை.

"படுக்க வச்சித்தான் கொண்டுபோகணும் மொதலாளி. சீட்டக் கழட்டுங்க" என்றேன்.

அவர் சீட்டை ஒருமுறை பிடித்து ஆட்டினார். ஒரே ஒருமுறை. "இது கம்பெனி பிட்டிங் டீச்சர். நம்ம கை வைக்கக் கூடாது."

"அவ கெடக்குற நெலமையப் பாருங்க."

"பாக்காமயா? நான் கீழ போயி கொழுந்து லொறிய அனுப்புறேன்."

அனுப்பினார். அதையும் சொல்ல வேண்டும். இரண்டரை மணி நேரம் கழித்து லொறி வந்தது. அதுவரை மழையில் நாலு பேர் படங்கைக் கூரையாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

தெய்வானை அதற்குப் பிறகு நடக்கவில்லை. ஜீப்பில் உடனே போயிருந்தால் நடந்திருப்பாளா? டாக்டரிடம் கேட்டேன். "சொல்ல முடியாது மிஸ்" என்றார். நானும் சொல்ல மாட்டேன்.

இன்று காலை அவளுக்குப் போன் எடுத்துச் செய்தி சொன்னேன். 

"அந்த ஜீப்பு என்னாச்சு டீச்சர்?" என்று கேட்டாள்.

தெரியாது என்றேன்.

முதலாளி, போய் வாருங்கள். மாலையோடு நான் வரமாட்டேன்.

விழுந்ததற்கு அடுத்த நாள் நடந்ததை மட்டும் எழுதிவிட்டு நிறுத்துகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பதுளை ஆஸ்பத்திரிக்குப் போக லுணுகலைக்கு இறங்கினேன். கடை வாசலில் ஜீப், பின் கதவு திறந்திருந்தது. பின் சீட்டுகள் இரண்டும் மேலே மடிந்து, பக்கத்துக்கு ஒன்றாக, கண்ணாடியோடு ஒட்டி வாரில் தொங்கின. அடியில் ஒரு சின்ன லீவர், அதன் மேல் ஜப்பான் எழுத்தில் ஒரு ஸ்டிக்கர். முதல் நாள் நானும் குனிந்து பார்க்கவில்லை.

நடுவில் ஒரு ஆள் தாராளமாகப் படுக்கலாம். கார்பெட்டுக்கு மேல் சாக்கு விரித்து, கோவா, அதாவது முட்டைக்கோசு, மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தார்கள்.

"மடியுது பாருங்க டீச்சர்" என்றார் முதலாளி. "காலையிலதான் கண்டுபுடிச்சோம்."



"ஏறுங்க, பதுளைக்குத்தான் போறேன்."

நான் பஸ்ஸில் போனேன்.