லைட்மேன் கேட்ட கேள்வி

தொண்ணூறுகளின் கடைசியில் தி.நகரில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் டைப் செய்துகொண்டிருந்தேன். கோடம்பாக்கத்தில் லைட்மேன் வேலை பார்க்கும் ஒருவர் முகமும் காலும் வீங்கி வந்தார். எதைக் கேட்டாலும் கைகூப்பிவிட்டுத்தான் பதில் சொல்வார்.

ஸ்கேன் செய்த டாக்டரம்மாவின் முகம் மாறியது.

"கிட்னி ரெண்டும் பெருசா, ரொம்ப வெள்ளையா தெரியுது."

"பெருசா கீதுன்னா நல்லதுதானே மேடம்?"

பழுதான சிறுநீரகம் பெரும்பாலும் சுருங்கிவிடும். இப்படிப் பெருத்து வெளுத்திருந்தால் டாக்டரம்மா எதற்குப் பயப்படுவார் என்று எனக்குத் தெரியும்.

"எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்துடலாம்" என்றார் மெதுவாக.

லைட்மேன் கைகூப்பிவிட்டு, வெளியே பெஞ்சில் இருந்த மனைவியைக் காட்டினார்.

"அதுக்கு ஆறாவது மாசம் மேடம். முதல்ல அத்தப் பாருங்க. நான் அப்பால."

நான்தான் போய்க் கூப்பிட்டேன். வயிற்றைப் பிடித்தபடி எழுந்தவள் சிரித்தாள்.

"எனக்கு எதுக்குக்கா டெஸ்ட்டு?"

அந்த மனிதரைத் திரும்பிப் பார்த்தேன். அவளிடம் தானே சொல்வதற்காக அவர் எழுந்து வந்துகொண்டிருந்தார்.