மெட்டல் கேட்ட மைக் செட்காரன்

மைக் செட் தொழிலில் இருப்பவனை ஊரில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "யோவ், சத்தத்தக் கொற" என்றுதான் கூப்பிடுவார்கள். ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைக்கும் உங்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திருக்கழுக்குன்றத்தில் இருபத்தாறு வருஷம் காதுகுத்து, கல்யாணம், ஆடித் திருவிழா என்று ஓட்டிய நான், போன வருஷம் மாமல்லபுரத்தில் ரீகன் என்பவருடைய காபிக் கடையில் சவுண்டு வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே ஓடுவது ஹெவி மெட்டல் என்கிற காதைக் கிழிக்கும் வெளிநாட்டு இசை மட்டும்தான். "இந்த மியூசிக்கு தெரியுமா?" என்று கேட்டார். "தெரியாமலா?" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டேன்.

கடையில் காபி போடும் நிர்மலா, பக்கத்துக் குப்பத்து மீனவர் வீட்டுப் பெண். நண்பர்களோடு ஒரு மெட்டல் குழு வைத்திருந்தாள். மூன்று மாதத்தில் கடையிலேயே முதல் கச்சேரி. இந்தக் கத்தலெல்லாம் பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு என்று சொந்தபந்தமெல்லாம் ஏச, அவள் அப்பா மட்டும், "ஒரு தபா வந்து கேக்கறேன், அப்பால சொல்றேன்" என்றிருந்தாராம். அன்றைக்குச் சத்தம் சரியாக இருக்க வேண்டும் என்றுதான் என்னை வைத்தார்கள். அதற்குள் காது பழகட்டும் என்று தினம் ஓர் ஆல்பம் கொடுத்தார்கள். பழகிய லட்சணத்தைக் கேளுங்கள்.

கிழிந்த கோன்

முதல் நாள், பழைய காலத்து ஹெவி மெட்டல். கிடார் ஆரம்பித்ததுமே கரகரவென்றது. ஸ்பீக்கருக்குள் இருக்கும் காகிதக் கோன் கிழிந்தால் இப்படித்தான் கரகரக்கும், நமக்குத் தெரியாதா? கடையில் ஆள் இருக்கும்போதே பெட்டியைக் கழற்றினேன். செங்கல்பட்டுக்கு பஸ் ஏறிப் போய்ப் புது கோன் வாங்கி வந்து மாட்டினேன்.

மறுபடியும் போட்டேன். அதே கரகர. அடுத்த பெட்டியையும் கழற்ற ஸ்க்ரூ டிரைவரை எடுத்தபோது நிர்மலா ஓடி வந்தாள். "அண்ணா, அந்தக் கரகரப்புக்குன்னே அவங்க தனியா ஒரு பொட்டி வாங்கி கிடார்ல மாட்டிகினு கீறாங்க."

மெதுவாகச் சுற்றிய தட்டு

டூம் மெட்டல் என்று ஓர் இனம். ரீகன் அதைப் பழைய இசைத்தட்டாகவே வைத்திருந்தார். போட்டால் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் ஒரு டீ குடித்துவிடலாம். தட்டைச் சுற்றும் பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று முடிவு கட்டி, நிமிஷத்துக்கு முப்பத்து மூன்று சுற்றில் ஓடியதை நாற்பத்தைந்துக்குத் தள்ளிவிட்டேன். பாட்டு கலகலப்பாகிவிட்டது. எனக்குப் பெருமை வேறு.

அந்தத் தட்டுக்காகவே செங்கல்பட்டிலிருந்து வந்திருந்த பல் டாக்டர் ஒருவர் காபியை வைத்துவிட்டு எழுந்து வந்தார். "பொணம் தூக்கற வேகத்துல போகணும் சார் இது, நீங்க ஷேர் ஆட்டோல ஏத்திட்டீங்களே!"

விபூதி

இது த்ராஷ் மெட்டல். ஆடி மாதத்துப் பம்பை மாதிரி வேகம். மூன்றாவது பாட்டில் ஒருவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, நீளமான முடியை விரித்துப் போட்டுத் தலையைச் சுழற்ற ஆரம்பித்தான். அம்மன் கோயில் வாசலில் எத்தனை பேரைப் பார்த்திருப்பேன்! பாட்டை நிறுத்தினேன், பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப் பிடித்தேன், சட்டைப் பையில் இருந்த விபூதியை எடுத்து அவன் நெற்றியில் அப்பினேன்.

கடையே சிரித்தது. எனக்குக் காது வரைக்கும் சுட்டது. அவன் மட்டும் சிரிக்காமல் பொறுமையாகச் சொன்னான். "அண்ணாத்த, சாமியெல்லாம் வர்ல. வுட்டுட்டு பாட்டப் போடு."

மன்னிப்பு அறிவிப்பு

பிளாக் மெட்டல் ஆல்பத்தைக் குகைக்குள் வைத்துப் பதிவு செய்து, மைக்கை வெளியே மறந்துவிட்டார்கள் போல. ஒரே இரைச்சல். எங்கே வாடிக்கையாளர்கள் என்னைத் திட்டுவார்களோ என்று பயந்து, திருவிழாப் பழக்கத்தில் மைக்கைப் பிடித்து, "பதிவில் ஏற்பட்ட கோளாறுக்கு வருந்துகிறோம், பொதுமக்கள் பொறுத்தருள வேண்டும்" என்று அறிவித்தேன்.

மூலையில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் கண்ணைத் திறந்தாள். "அந்தக் கோளாறக் கேக்கத்தான் சார் பாண்டிச்சேரிலருந்து பஸ் ஏறி வந்தேன்."

பிடித்தது

பவர் மெட்டல் மட்டும் முதல் தடவையே பிடித்துவிட்டது. குதிரை, வாள், கோட்டை, எல்லோரும் சேர்ந்து பாடும் கோரஸ். அட்டகாசம் என்று ரீகனிடம் சொன்னேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "நல்லாத்தான் கீது நைனா, ஆனா புட்சிருக்குனு வெளிய சொல்லிகினு திரியாத, மத்த மெட்டல் பசங்க கலாய்ப்பானுங்க."

கஷாயம்

நிர்மலா பாடுவது டெத் மெட்டல். ஒத்திகையில் வாயைத் திறந்தாள். அடிவயிற்றிலிருந்து ஓர் உறுமல் வந்தது. தொண்டை கட்டிவிட்டது பாவம் என்று மறுநாள் சுக்கும் மிளகும் தட்டிப் போட்ட கஷாயத்தை ஃபிளாஸ்க்கில் கொண்டுபோனேன். மரியாதைக்கு முழுவதும் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுச் சொன்னாள். "எங்கப்பா நடுக்கடல்ல பக்கத்து போட்டக் கூப்பிட்ற கொரலுண்ணா இது. அந்தக் காத்துல மெல்லிசா கூப்ட்டா யாருக்குக் கேக்கும்?"

கச்சேரி

கஷாயம் கொண்டுபோன அன்றுதான் எனக்கு மெட்டல் புரிந்தது. அதனால் இதற்கு மேல் நான் செய்ததற்கு அறியாமையைச் சாக்குச் சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை மாலை. அவள் அப்பா வெள்ளைச் சட்டை போட்டு முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சொந்தக்காரர்கள் இரண்டு பேர். நிர்மலா உறுமினாள். சொந்தக்காரர் ஒருவர் முகத்தைச் சுளித்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பெரியவர் என்ன நினைப்பாரோ என்று அவள் மைக்கை மெல்ல இறக்கினேன். கிடாரையும் இறக்கினேன். அவள் இரண்டு தடவை என்னைப் பார்த்துக் கையை உயர்த்தி, ஏற்று ஏற்று என்றாள். நான் குனிந்து ஒயரைத் தேடுவதுபோல் நடித்தேன். கடைசி வரைக்கும் டிரம்ஸ்தான் கேட்டது.

முடிந்ததும் அவள் அப்பா நேரே என்னிடம் வந்தார். "எம்பொண்ணு கய்த்து நரம்பு பொடைக்கிறது தெரிஞ்சிது, கொரலு வர்லியே. நான் போட்ல கூப்பிட்ற மேரி கீதுனு சொல்லிச்சி, அத்த கேக்கத்தான் வந்தேன். ஒங்கை எறக்கறத பாத்துகினுதான் இருந்தேன், இன்னாத்துக்குய்யா அமுத்திட்ட?" அடுத்த கச்சேரியைக் கேட்டுவிட்டுத்தான் சொல்வேன் என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒயர் சுற்றும்போது நிர்மலாவிடம் உண்மையை ஒப்புக்கொண்டேன். அவள் அழவில்லை, திட்டவுமில்லை, திட்டியிருந்தால் தேவலை. "எங்கப்பாவுக்கு வெக்கமா இல்லண்ணா. உங்களுக்குத்தான் இருந்திச்சி."

இருபத்தாறு வருஷமாகச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி ஊரே கத்தியும் குறைக்காதவன், யாருமே சொல்லாதபோது குறைத்துத் தலைகுனிந்தேன்.