அடக்கமான நாய் என்று சொன்னேன்

என் வீட்டுக்காரர் நகரசபையின் நாய்க் கொட்டடியில் காவல் வேலை பார்த்தார். மலாக்காவில், காஜா பெராங்கில் பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு பெரிய சாக்கடையை ஒட்டி இருந்தது அது. கம்பி அடித்த ஆறு அறைகள், ஒரு தண்ணீர்த் தொட்டி, மேலே தகரக் கூரை. பக்கத்திலேயே எங்களுக்கு ஓர் அறையும் சமையல்கட்டும் கொடுத்திருந்தார்கள். தெருவில் பிடிபட்ட நாய்களுக்குச் சோறு பொங்கிப் போடுவது என் பொறுப்பு. அதற்கென்று யாரும் எனக்குச் சம்பளம் தரவில்லை. அவரை வேலைக்கு எடுத்தபோதே என்னையும் சேர்த்து எடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

பிடிபட்ட நாயை ஏழு நாள் வைத்திருப்பார்கள். யாராவது வந்து வீட்டு எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டால் கொண்டுபோகலாம். யாரும் வராவிட்டால் வெள்ளிக்கிழமை காலையில் துப்பாக்கிக்காரர் வருவார். ஒவ்வொரு நாயாகப் பின்பக்கம் கூட்டிப்போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியவர் என் வீட்டுக்காரர். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக இப்படி ஒரு பிழைப்பா என்று கல்யாணமான புதிதில் கேட்டிருக்கிறேன். "ஆர்டர்" என்றார். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியாது. நானும் சோற்றைப் பொங்கிப் போட்டுவிட்டு நாய்களின் முகத்தைப் பார்க்காமல் திரும்பிவரப் பழகிக்கொண்டேன்.

மெர்டேக்கா என்கிற சுதந்திர நாளுக்கு ஊர் தயாராகிக்கொண்டிருந்த மாதம் அது. தெருவெல்லாம் வளைவு கட்டினார்கள், சுவரெல்லாம் சுண்ணாம்பு அடித்தார்கள். கொடி ஏற்றுகிற இடத்தில் நாய் குறுக்கே ஓடக் கூடாது என்று பெரியவர்கள் யாருக்கோ தோன்றியிருக்க வேண்டும். வண்டி வண்டியாகப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஏழு நாள் கணக்கெல்லாம் காற்றில் போயிற்று. வருகிற வெள்ளிக்கிழமைக்குள் எல்லா அறையும் காலியாக வேண்டும் என்று உத்தரவு வந்தது.

அந்த வாரம் திங்கட்கிழமை வந்தது இந்த நாய். செம்மண் நிறம், ஒரு வயது இருக்கும். வண்டியிலிருந்து இறக்கும்போதே கயிற்றை உருவிக்கொண்டு, தொட்டிச் சுவரைத் தாண்டி, என் சமையல்கட்டுக்குள் பாய்ந்து, சோற்றுப் பானையைக் கவிழ்த்துவிட்டது. பதினோரு நாய்க்குப் பொங்கிய சோறு. நான் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். அது திட்டையும் விளையாட்டு என்று எடுத்துக்கொண்டது. இரண்டு முன்னங்காலையும் தூக்கி என் மார்பில் வைத்து முகத்தை நக்கியது. இரண்டு வருடமாக நான் பார்க்காமலே தப்பித்துவந்த முகம் என் மூக்குக்கு நேராக இருந்தது. எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல. அந்தக் கோபத்தில்தான், இதைச் சாக விடுவதில்லை என்று முடிவு கட்டினேன்.

"நம்ம வச்சுக்குவோமே" என்று அன்று சாயங்காலமே அவரிடம் கேட்டேன்.

"கொட்டடிக் குவாட்டர்ஸ்ல நாய் வளர்க்கக் கூடாது. ஒன்னு எண்ணிக்கை சரியா இருக்கணும், இல்ல கையெழுத்து இருக்கணும். அவ்ளோதான்."

மறுநாள் அவர் சந்தைக்குப் போன நேரம் பார்த்துக் கதவைத் திறந்துவிட்டேன். "போய்த் தொலை, இந்தப் பக்கமே வராதே" என்று கல்லெடுத்துக் கூட எறிந்தேன். வால் தெரியாத வேகத்தில் ஓடிற்று. பகலெல்லாம் மனசு நிம்மதியாக இருந்தது. சாயங்காலம் பிடிவண்டி வந்து நின்றது. அதில் முதல் ஆளாக இந்தப் பிறவி உட்கார்ந்திருந்தது. உஜோங் பாசிரில் மீன் காயவைக்கிற இடத்தில் பிடித்தார்களாம். என்னைப் பார்த்ததும் சொந்த வீட்டுக்கு வந்தது போல ஒரு துள்ளல். என் வீட்டுக்காரர் நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் அறைக்குள் விட்டுப் பூட்டினார்.

திறந்துவிட்டால் ஆகாது, ஒரு வீடுதான் பார்க்க வேண்டும் என்று புரிந்தது. புதன்கிழமை காலையில் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, நாயையும் கயிற்றில் பிடித்துக்கொண்டு ஜாலான் துக்காங் எமாஸ் தெருவுக்குப் போனேன். பிள்ளையார் கோவிலுக்குப் பக்கத்தில் மளிகைக்கடை வைத்திருந்த செட்டியாரை எனக்குத் தெரியும். கிடங்குக்கு ஒரு நாய் வேண்டும் என்று அவர் முன்பு சொல்லியிருந்தார்.

அங்கேதான் அந்தப் பேச்சைத் தொடங்கினேன். நம்மில் பெண் கொடுக்கும்போது என்ன சொல்லிக் கொடுக்கிறோம்? என்னை என் வீட்டில் என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? அதே பேச்சுத்தான் என் வாயிலும் வந்தது.

"ரொம்ப அடக்கமான நாய்ங்க. போட்டதைச் சாப்பிடும். இருக்கிற இடமே தெரியாது."

என்னைப் பற்றியும் அப்படித்தான் சொன்னார்கள். என் மாமியார் வீட்டில் அந்தப் பொய் ஒரு மாதம் தாங்கியது. நாயைப் பற்றிச் சொன்னது ஒரு பகல்கூடத் தாங்கவில்லை. கிடங்கில் கட்டிப் போட்டிருக்கிறார்கள். கட்டினால் அதற்கு ஆகாது. ஊளையிட்டிருக்கிறது. மாடியில் செட்டியாரின் மாமியார் காய்ச்சலாகப் படுத்திருந்தார். நாய் ஊளையிட்டால் வீட்டில் என்ன நடக்கும் என்று நம் ஆட்களுக்குச் சொல்லித் தர வேண்டுமா? பொழுது சாய்வதற்குள் பேச்சா என்கிற மூன்று சக்கர மிதிவண்டியில் நாயை ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

"அடக்கம்னு சொன்னியேம்மா" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இருந்தது வியாழக்கிழமை ஒன்றுதான். அன்று நான் ஒருவர் வீட்டை நினைத்துக்கொண்டு எழுந்தேன். காஜா பெராங்கிலேயே சிட்டி கம்போங் என்ற குடியிருப்பில் ஓர் அம்மாள் இருந்தார். மலாக்காச் சிட்டிகள் நம்மைப்போலவே சாமி கும்பிடுகிறவர்கள். வீட்டில் பேசுவது மட்டும் மலாய். சாரோங்கும் கெபாயாச் சட்டையும் உடுத்தி, நெற்றியில் திருநீறு பூசி அந்த அம்மாள் கோவிலுக்கு வருவார். என் சந்தை மலாயை வைத்துக்கொண்டு அவரோடு பேசிப் பழகியிருந்தேன். மக்சிக் என்று மரியாதையாகக் கூப்பிடுவேன். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் சிங்கப்பூரில். வீட்டில் அவரும் அவருடைய அக்காவும்தான். பின்பக்கம் பெரிய தோட்டம் இருந்தது.

நாயோடு நான் போனபோது அவரும் அக்காவும் முன்வாசலில் நாற்காலி போட்டு வாய் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்குள் சமையல் வாசம் தூக்கியது. கதவு சாத்தியிருந்தது. அன்று கணவரின் நினைவு நாள், படையல் போட்டிருக்கிறோம் என்றார். நல்ல வேளை, முடிந்துவிட்டது என்று நினைத்தேன். நம் வீட்டில் படைத்தால் இலைக்கு முன்னால் எல்லாரும் நின்று கற்பூரம் காட்டுவோம், காக்காய்க்கு வைப்போம், பிறகு சாப்பிடுவோம். எல்லாரும் வெளியே வந்து உட்கார்ந்துவிட்டால் படையல் முடிந்தது என்று அர்த்தம். அதனால் நாயைப் பின்பக்கம் கொண்டுபோய், ஒரு கதவின் வளையத்தில் கயிற்றைக் கட்டிவிட்டு, முன்வாசலுக்கு வந்து என் பாட்டைப் பாடத் தொடங்கினேன்.

"ரொம்ப அடக்கமான நாய், மக்சிக். சொன்ன இடத்துல உட்காரும்."

உள்ளே வெண்கலத் தட்டு ஒன்று உருண்டது.

அவர்கள் வழக்கம் வேறு என்று அப்போதுதான் தெரிந்தது. படையலை வைத்து, விளக்கேற்றி, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிடுவார்கள். இறந்தவர்கள் யார் கண்ணும் படாமல் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவர்கள் சாப்பிட்டு எழுந்திருக்க நேரம் கொடுத்து, கதவை மெல்லத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். நான் கயிற்றைக் கட்டியது அந்த அறையின் பின்கதவில். இழுத்த இழுப்பில் கதவு திறந்திருக்கிறது. நாங்கள் போய்ப் பார்த்தபோது வாத்துக் கறி இல்லை, மீன் இல்லை, தேங்காய்ப்பால் சோறு பாதி தரையில் கிடந்தது. மிச்சமிருந்த குவே பலகாரத்தை அது நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக அடக்கமாக உட்கார்ந்திருந்தது.

அந்த அம்மாள் சத்தம் போடவில்லை. "எடுத்துக்கொண்டு போ" என்றார், அவ்வளவுதான். முந்தின நாளிலிருந்து இரண்டு வயசான பெண்கள் இடித்து அரைத்துச் சமைத்தது. எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. ஆனால் அங்கிருந்து நாயோடு போனால் எங்கே போவேன் என்பதும் தெரிந்துதான் இருந்தது.

"போக மாட்டேன்" என்றேன். "மறுபடியும் சமைப்போம். நான் சமைக்கிறேன்."

"நீயா? உனக்கு எங்கள் சமையல் தெரியுமா?"

"தெரியாது. நீங்க உட்கார்ந்து சொல்லுங்க."

அவர் பதில் சொல்வதற்குள் முந்தானையை இடுப்பில் செருகிவிட்டேன். நாயை நாவல் மரத்தில் கட்டினேன். அறையைக் கழுவினேன். சந்தைக்கு ஓடி வாத்து வாங்கி வந்தேன். தேங்காய் துருவினேன், அம்மியில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் அக்கா மட்டும் சொல்லிக்கொடுத்தார். பிறகு என் அரைப்பைப் பார்க்கப் பொறுக்காமல் அந்த அம்மாளும் வந்து, "தள்ளு, இது உன் சாம்பார் இல்லை" என்று அம்மியைப் பிடுங்கினார். பின்பக்கம் நாய் ஊளையிடத் தொடங்கியது. இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே உண்மையைச் சொன்னேன். இது அடக்கமான நாய் இல்லை. சொன்ன பேச்சுக் கேட்காது. கட்டினால் ஊளையிடும், விட்டால் ஓடும், ஏறும், குதிக்கும், எதையும் தின்னும். நாளைக் காலையில் இதைச் சுடுவார்கள். சுடும்போது கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் என் புருஷன். எனக்குத் தெரிந்த வேறு வீடு இல்லை.

வெங்காயத்தின் மேல் பழி போட்டு நன்றாக அழுதேன்.

அந்த அம்மாள் குழவியை நிறுத்தினார். "இதை ஏன் முதலில் சொல்லவில்லை?"

"சொன்னா யார் எடுப்பாங்க?"

"நீ அடக்கம், அடக்கம் என்றாய். இந்த வீட்டில் நான்கு வருடமாக அடக்கத்தைத் தவிர வேறென்ன இருக்கிறது? நானும் அக்காவும் பகல் முழுக்க நான்கு வார்த்தை பேசினால் அதிகம். இன்னும் ஒரு அமைதியான ஜீவனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?" இதை அவர் கோபமாகத்தான் சொன்னார். "இன்றைக்குத்தான் இந்த அடுப்பங்கரையில் சண்டைச் சத்தம் கேட்கிறது."

பிறகு மறுபடியும் அரைக்கத் தொடங்கினார். நான் வாயைத் திறக்கவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் யோசிக்கும்போது பெண் வீட்டார் பேசக் கூடாது என்பதாவது எனக்குத் தெரியும்.

வெயில் இறங்குவதற்குள் இரண்டாவது படையல் தயாரானது. வைத்தார்கள், விளக்கேற்றினார்கள், கதவைச் சாத்தினார்கள். முன்கதவு, பின்கதவு இரண்டையும் நானே இழுத்துப் பார்த்தேன். எல்லாரும் வாசலுக்கு வந்தோம். நான் மண்ணில் உட்கார்ந்து நாயை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அதன் உடம்பு முழுக்க ஓடத் துடித்தது. ஓடாதே, கொஞ்ச நேரம், கொஞ்சமே கொஞ்ச நேரம் என்று அதன் காதில் தமிழில் கெஞ்சினேன். கதவைத் தட்டுகிறவரை பிடியை விடவில்லை.

சாப்பிட்டு முடித்து, வாத்து எலும்பைத் தன் கையாலேயே அதற்குப் போட்டார் அந்த அம்மாள். அது எலும்பையும் வாங்கி அவர் கெபாயாவிலும் காலை வைத்தது. அக்கா சிரித்துவிட்டார். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று அந்த அம்மாள் கேட்டார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த கொட்டடிக் காகிதத்தை எடுத்து நீட்டினேன்.

நாயை அங்கேயே விட்டுவிட்டு, காகிதத்தோடு வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் எனக்குப் பெருமை பிடிபடவில்லை. காகிதத்தை என் வீட்டுக்காரர் முன்னால் வைத்தேன். வாசித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "சரி" என்றார். இதற்குத்தானா இந்தப் பாடு பட்டோம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை துப்பாக்கிக்காரர் வந்தார். ஆறு அறைகளும் காலியாயின. சமையல்கட்டில் உட்கார்ந்து நான் வெடிச் சத்தத்தை ஒவ்வொன்றாக எண்ணினேன். அதுவரை எண்ணியதே இல்லை. ஒன்றைக் காப்பாற்றிவிட்டேன் என்ற பெருமையெல்லாம் அங்கேயே வடிந்துபோயிற்று. பதினைந்துக்கும் அன்று காலையில் சோறு போட்டவள் நான்.

ஒரு மாதம் கழித்து அந்த அம்மாளைக் கோவிலில் பார்த்தேன். நாய் தோட்டத்தையே தோண்டிப் போட்டுவிட்டது, அக்காவின் செருப்பு இரண்டு ஜோடி போயிற்று என்று சந்தோஷமாகக் குறைப்பட்டுக்கொண்டார். பிறகு, "உன் புருஷன் ஏன் உள்ளே வந்து உட்காரவே மாட்டேன் என்கிறார்?" என்று கேட்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த அம்மாளே சொன்னார். வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் குளித்துவிட்டு வருகிறாராம். பின்வேலிப் பக்கம் நிற்பாராம். நாய் ஓடிப்போய் அவர் மேல் பாயும். கட்டக் கயிறும் இல்லை, பிடிக்க ஆளும் இல்லை, அதற்கு இஷ்டமான மட்டும் பாயும். அவர் இரண்டு கையையும் தொங்கவிட்டபடி அசையாமல் நிற்பாராம். அது அலுத்துப்போய் இறங்கின பிறகு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போய்விடுவாராம்.