கானில் தொங்கிய துணி

அறுபதுகள் தொடங்கிய காலம். பதுளை மலையில், ஸ்பிரிங்வெளிப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் மருத்துவச்சியாக இருந்தேன். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் வைத்துப் பார்த்துக்கொண்ட ஆயம்மாவின் மகனுக்குக் காய்ச்சல் வந்து, ஒரு கால் துவண்டுபோனது. பதுளை ஆஸ்பத்திரியில் இளம்பிள்ளை வாதம் என்றார்கள். தோட்டத்தில் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு பிள்ளைக்கு வந்தால் எல்லாருக்கும் வந்துவிடுமா என்றார்கள். எனக்கு அப்படி விட மனமில்லை. என் மகளும் அதே காம்பராவில்தான் தவழ்ந்துகொண்டிருந்தாள்.

பதுளைக்குச் சொல்லியனுப்பினேன். சுகாதாரப் பரிசோதகர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மெலிந்த மனிதர். தொழிலாளர் குடியிருந்த லயத்துக் கழிவெல்லாம் சேர்ந்து ஓடும் சாக்கடைக் கானில் இறங்கி, காயம் கட்டும் துணியை மடித்து, நூலில் கட்டித் தொங்கவிட்டார். வெள்ளை உடுப்போடு அந்த நாற்றத்துக்குள் குனிந்த ஓர் உத்தியோகத்தரை அன்றுதான் பார்த்தேன். சில நாள் கழித்து வந்து எடுப்பதாகச் சொல்லிப் போனார்.

அவர் திரும்பி வந்தபோது ஆயம்மா துணியை இரண்டு கையாலும் நீட்டினாள். முன்கூட்டியே கானிலிருந்து எடுத்து, சோப்புப் போட்டுத் துவைத்து, காயவைத்து, அழகாக மடித்திருந்தாள். பெரியவர்கள் வந்தால் லயத்தைக் கழுவிச் சுண்ணாம்பு பூசிப் பழகியவர்கள் நாங்கள்.

“ஐயா கையில பீத்துணியவா குடுக்கிறதுங்க?” என்றாள்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் சிரிக்கவுமில்லை, சீறவுமில்லை. கானோரத்துக் கல்லில் உட்கார்ந்தார்.

“தங்கச்சி, அந்த ஊத்தைதான் எனக்கு வேணும். உங்கட மகனைப் பிடிச்ச கிருமி கண்ணுக்குத் தெரியாது. காய்ச்சல் வருத்தமில்லாத பிள்ளையளின்ர வயித்திலயும் இருக்கும். கழிவோட வந்து துணியில சிக்கும். கொழும்பில அதைக் கண்டுபிடிச்சால்தான் மற்றப் பிள்ளையளுக்குச் சொட்டு மருந்து கேக்கலாம்.”

ஆயம்மாவின் முகம் வெளிறிப்போனது. பரிசோதகர் கானில் புதுத் துணி கட்டிவிட்டுப் போனார். அதன்பின் அவள் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. மழை பிடித்துக்கொண்டது. கான் பெருகித் துணியை இழுத்துப் போய்விடுமோ என்று, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றாள். சேர்ந்த குப்பையைத் தள்ளிவிட்டாள், நாயை விரட்டினாள், வேடிக்கை பார்க்க வந்தவர்களைத் திட்டித் தீர்த்தாள். காம்பராவையும் அவள் மகனையும் நான் பார்த்துக்கொண்டேன்.

சில நாளில் திரும்பி வந்த பரிசோதகர் அந்த நாறும் துணியைப் போத்தலில் அடைத்து, ஐஸ்கட்டியும் மரத்தூளும் நிரப்பிய பெட்டியில் வைத்து, தானே ரயிலில் கொழும்புக்குக் கொண்டுபோனார். கிருமி இருந்தது. மருந்தும் வந்தது.

அன்று பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியது ஆயம்மாதான். வாய் திறக்க மறுத்த என் மகளின் மூக்கைப் பிடித்துத் திறக்கவைத்ததும் அவள்தான். எல்லாருக்கும் முடிந்தபின், மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு கடைசியாக வந்து நின்றாள். அவன் கால் தொங்கி ஆடியது.

“இவனுக்கும் விடுங்க ஐயா. இன்னொரு காலு இருக்குல்ல.”

பரிசோதகர் அந்தக் காலைப் பார்த்தபடியே விட்ட முதல் சொட்டு அவன் கன்னத்தில் விழுந்தது. துடைத்துவிட்டு இன்னொன்று விட்டார்.