இருபத்தைந்தாம் போர்ட்டில் யார்?

அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளை எல்லோரும் ‘ஏன் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். தட்டச்சு வேலைக்கு வந்தவள். பிரிண்டர் மக்கர் செய்தால்கூட “ஏன்?” என்று துருவித் துருவிப் பார்ப்பாள். அப்படிப் பார்த்தே அங்கிருந்த கணினிகள் முழுவதும் அவள் தலையில் வந்து விடிந்தன.

அன்று காலை மின்சாரம் போய் வந்தபின் மெயில் சர்வர் எழுந்திருக்கவில்லை. முடிவுகளைக் கேட்டு மருத்துவர்கள் போன் மேல் போன் போட்டார்கள்.

“எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்லேருந்து போட்டுடும்மா,” என்றார் மேலாளர், கையைப் பிசைந்தபடி.

“மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவாங்களா சார்? கொஞ்சம் பொறுங்க.”

பிழைப் பதிவின் கடைசி வரியைப் படித்தாள். இருபத்தைந்தாம் போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறதாம். கடிதங்கள் வந்து சேரும் வாசல் அது. சர்வரே ஓடாதபோது அங்கே உட்கார்ந்திருப்பது யார்? போன் மணி அவள் காதில் விழவேயில்லை. ஒரு கட்டளையைத் தட்டினாள். முன்பின் கேள்விப்படாத ஒரு பெயர் வந்தது. இன்னொரு மெயில் நிரல்! போன வாரம் வருகைப்பதிவு மென்பொருளை ஏற்றிவிட்டுப் போனவரை அழைத்தாள்.

“அதுகூடவே சின்னதா ஒண்ணு வரும் மேடம். தானாவே ஏறிக்கும்.”

அப்படியானால் ஒரு வாரமாக ஏன் தொல்லை தரவில்லை? யோசித்ததில் பிடிபட்டது. இத்தனை நாளும் சர்வர் நிற்காமல் ஓடியது. இன்று எல்லாம் ஒன்றாக எழுந்தபோது, புதியது முந்திக்கொண்டு துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டது.

அதை நிறுத்தினாள், இனித் தானாக எழாதபடி செய்தாள். சர்வர் ஓடியது. தேங்கிய முடிவுகள் கடகடவென்று கிளம்பின. உடனே அவள் அந்தச் சர்வர் கணினியை வேண்டுமென்றே நிறுத்தி மறுபடி எழுப்பினாள்.

“அடப்பாவமே, இப்பத்தானம்மா ஓடுச்சு!”

“மறுபடி கரன்ட் போனா வருமான்னு பாக்க வேண்டாமா சார்?”

வந்தது. ஆனாலும் அவளுக்கு மனசு ஆறவில்லை. அந்தப் புதியது எதைத்தான் அனுப்பப் பார்த்தது? வெளியே அனுப்பும் வழியை யாரும் அமைத்துத் தராததால், அதன் பெட்டியில் போகாமல் கிடந்தன ஆறு கடிதங்கள். எல்லாம் மாடியில் இருக்கும் முதலாளியம்மாவுக்கு. ‘ஊழியர் எண் நான்கு இன்றும் தாமதம்.’

எண் நான்கு அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

“போயிடுச்சா?” என்றார் மேலாளர் மெல்ல.

“இல்ல சார். அழிச்சிடவா?”

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “அப்பாவுக்குப் பக்கவாதம்மா. தினமும் நடைப்பயிற்சிக்குக் கொண்டுபோய் விட்டுட்டு வர்றேன்.”

பத்து வருடமாக எதிரெதிர் மேசை. இது தெரியாமல் போயிற்றே என்று அவளுக்குச் சுருக்கென்றது.

“அழிக்க வேண்டாம். நானே சொல்லிடறேன்,” என்று மாடியேறினார். அரைமணி கழித்து முகம் தெளிந்து இறங்கிவந்தார். “நாளையிலேருந்து நான் பத்து மணிக்கு வந்தா போதுமாம்.”

வருகைப்பதிவில் அவர் நேரத்தை மாற்றிவிட்டு, மூன்று மணிக்குத்தான் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள்.

“அப்பா இப்ப எத்தனை அடி நடக்கிறார் சார்?”

“நேத்து பதினொண்ணு,” என்றார் அவர்.