சீனி பூத்த பாசிமணி

பதுளை பஜாரில் லரீபாவின் உலையை உடைக்கத் துடித்தவர் ஒரே ஒருவர்தான். அவளுடைய மச்சான், புருஷனின் சகோதரர் ஹுமைத். புருஷன் இப்றாஹீம் மௌத்தாகிப் போன பிறகு, அவருடைய கடைக்குப் பின்னால் கரி உலை வைத்து அவள் பாசிமணி செய்தாள். 1974. வெளிநாட்டுச் சாமான் வராத காலம். நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் அவளிடம்தான் மணி வாங்குவார்கள். உலை போனால் மச்சான் வீட்டுக் குசினியில் சட்டி கழுவியே காலம் கழிக்க வேண்டும். அது அவளுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

உடைந்த போத்தலை இடித்து, சலவைச் சோடா சேர்த்தால் சீக்கிரம் உருகும். ஆனால் அந்த மணி பதுளை மழைக்கு வியர்த்துப் பிசுபிசுக்கும். அதனால் வெற்றிலைச் சுண்ணாம்பும் சேர்ப்பாள். நோன்பு மாதம் வந்தது, வினையும் வந்தது. மணிக்குள்ளே சீனி பூத்ததுபோல வெள்ளை வெள்ளையாகப் படர்ந்தது. தொட்டால் உதிர்ந்தது.

“நோன்புல அடுப்போட மல்லுக்கட்டினா இப்புடித்தான்! இன்னொரு தடவ இப்புடி வந்தா உலைய ஒடச்சிருவேன்” என்றார் ஹுமைத்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் ஸரூக், பக்கத்து டிஸ்பென்சரியில் மருந்து கலக்குபவன்.

“ராத்தா, இந்த மாசம் என்ன மாத்திச் செஞ்சீங்க?” என்று லரீபாவிடம் கேட்டேன்.

“ஒண்ணுமில்ல தம்பி. பாங்கு சொன்னா நோன்பு தொறந்து, தொழுதுட்டு வாறேன். அவ்வளவுதான்.”

“அப்ப உலை?”

“அது பாட்டுக்குத் தணிஞ்சு கெடக்கும்.”

அதுதான் சங்கதி! அரை நெருப்பில் கிடந்த கண்ணாடிக் குழம்பில் சுண்ணாம்பும் போத்தலில் இருந்த மணலும் ஒன்றையொன்று பிடித்துப் பளிங்காகியிருக்கின்றன. நோன்பு திறப்பதைத் தள்ளிப்போட முடியாது. சுண்ணாம்பையும் விட முடியாது. அலுமினிய ஒக்சைட் கொஞ்சம் கலந்தால் குழம்பு கொழகொழவென்று ஆகும், துகள்கள் நகர்ந்து ஒன்றுசேர முடியாது என்று எப்போதோ படித்திருந்தேன். வயிற்றுக்குக் கொடுக்கும் வெள்ளைக் களிமண்ணில் அது உண்டு. ஒரு பொட்டலம் கொடுத்தேன். மூன்று நாள் கூட்டியும் குறைத்தும் பார்த்து, அவளே அளவைக் கண்டுபிடித்தாள்.

இருபத்தேழாம் நோன்பன்று ஹுமைத் உலையை உடைக்க இரும்பு அலவாங்கோடு வந்து உட்கார்ந்தார். பாங்கு சொன்னது. அவள் எழுந்து போய்விட்டாள். நான் பேரீச்சம்பழம் நீட்ட, அலவாங்கை மடியில் வைத்துக்கொண்டே அவர் நோன்பு திறந்தார்.

அவள் வந்து கரியை ஊதி, கம்பியில் குழம்பை எடுத்து மணி சுற்றினாள். ஆறியதும் ஹுமைத் விளக்கருகே பிடித்துப் பார்த்தார். துளி வெள்ளை இல்லை. பச்சைப் பசேலென்று கண்ணாடி!

“அல்ஹம்துலில்லாஹ். இனி நீ வீட்டுல இரு, லரீபா. நான் ஒரு ஆளப் போட்டுச் செய்றேன். அளவ மட்டும் சொல்லு.”

எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்கள்!

லரீபா சிரித்தாள். “அளவு என் விரலுக்குத்தான் தெரியும், மச்சான். விரல் வேணும்னா ஆளும் கூடத்தான் வரும்.”

அவர் என் பக்கம் திரும்பினார். “நீயாவது சொல்லு ஸரூக்.”

“எனக்கு இருமல் மருந்துதான் தெரியும், நானா.”

அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் அந்த உலையை லரீபாதான் மூட்டினாள்.