தாழிக்குள் கிடந்த அரிசி

எலும்புகளிடம் நான் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான்: என்ன சாப்பிட்டாய்? எப்படிச் செத்தாய் என்று கேட்பவர்கள் வேறு ஆட்கள். எனக்குப் பல் போதும். பழைய கடைவாய்ப்பல் ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், எங்கிருந்தோ அடுப்புப் புகை வரும், உலை கொதிக்கும் வாசனை வரும். வீட்டில் சொன்னால் மந்திரிக்கக் கூட்டிப் போய்விடுவார்கள் என்று சொன்னதில்லை.

குருவிநத்தத்தில் ஆற்றங்கரைக் கரும்புக் கொல்லையில் ஒரு முதுமக்கள் தாழி இருப்பதாகப் பாகூர் 'மேரி'யிலிருந்து, அதாவது பிரெஞ்சு நகராட்சி அலுவலகத்திலிருந்து, செய்தி வந்தபோது, நான் ஒரு பிரெஞ்சுப் பேராசிரியருக்கு உதவியாளன். உதவியாளன் என்றால் வெயில் எனக்கு, கட்டுரையில் பெயர் அவருக்கு. நானாக ஏதாவது கண்டுபிடித்தால் பாரிசுக்குப் படிக்க அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். அந்த ஆசையில் பாதித் தூக்கத்தில்தான் அந்த வருஷம் முழுக்க நடமாடினேன்.

இடுப்பு உயரத் தாழி. மேலே மண் மூடி. உள்ளே ஒருவர் கால்களை மடக்கி, வாயைத் திறந்தபடி குந்தியிருந்தார். பற்கள் தேய்ந்து தட்டையாகக் கிடந்தன. கல்லில் அரைத்த வரகைக் கல்தூளோடு சேர்த்துத் தின்ற வாய் என்று பார்த்ததுமே தெரிந்தது. ஆனால் தாடைக்குள், மண்ணோடு ஒட்டிக் கறுத்துப்போய் நாலைந்து அரிசி மணிகள் இருந்தன.

பல் ஒன்று சொன்னது, அரிசி ஒன்று சொன்னது. நான் அரிசியை நம்பினேன். பாரிசுக்குப் போக அதுதானே வழி!

மணிகளை இடுக்கியால் எடுத்துக் கண்ணாடிக் குப்பியில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அடுத்த சில நாட்கள் எனக்குத் தரை தட்டுப்படவே இல்லை. வரப்பில் நடக்கும்போது வெயிலில் வயல்வெளி நீர்போல் நெளியும். அதற்குள்ளிருந்து தாழிக்காரர் எழுந்து வருவார். ஆற்றங்கரையில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்து சாப்பிடுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். பேராசிரியருக்கு, இந்தக் கரையில் அந்தக் காலத்திலேயே நெல் விளைந்தது என்று பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதி உறையில் போட்டு ஒட்டியும்விட்டேன்.

கடிதம் தபாலில் சேராமல் இன்னும் என் பையிலேயே இருந்த நாளில், மத்தியானக் கூழுக்கு உட்கார்ந்திருந்த வேலையாட்களிடம் குப்பியைக் காட்டினேன். பெருமை அடங்கவில்லை. "பாருங்க, உங்க முப்பாட்டனுக்கும் முப்பாட்டன் அரிசிச் சோறு தின்னிருக்கார்!"

மண்கூடை சுமக்கும் நடுவயது அம்மாள் ஒருத்தி குப்பியை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.

"இது நான் போட்டது சாமி."

"எதை?"

"வாய்க்கரிசிதான். போன வருசம் வரப்பு வெட்டச்சொல்ல மூடி நவுந்துச்சி. உள்ள பாத்தா, ஆன்னு வாயத் தொறந்துகினு குந்தினு இருந்தாரு. பாவம், யாரும் போடலியோ இன்னாவோன்னு நான் போட்டு மூடிட்டேன்."

தாழியை யாரும் திறந்ததாக எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என் அப்பாவுக்கு என் கையாலேயே வாய்க்கரிசி போட்டவன் நான். பிணத்தின் வாயில் அரிசியைப் பார்த்து அதைச் சாப்பாடு என்று எழுதியிருக்கிறேன்!

முதலில் வந்தது ஆத்திரம்தான். "முன்பின் தெரியாத எலும்புக்கு உனக்கென்னம்மா வாய்க்கரிசி?" என்று கத்திவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. "எம்புள்ள பிரெஞ்சுக்காரன் பட்டாளத்துல சேந்து, கடலுக்கு அந்தாண்ட சைகோன்ல செத்துட்டான் சாமி. காயிதம் ஒண்ணு வந்துச்சி, அவ்ளோதான். அங்க யாரு அவன் வாய்ல போட்டிருப்பாங்க? இவருக்காவது நாம போடுவோமேன்னு போட்டேன்." குப்பியை மறுபடி பார்த்தாள். "அத ஏன் சாமி வாயிலேர்ந்து எடுத்தீங்க?"

இதை மறைத்துக் கடிதத்தை அனுப்பிவிட்டால் பாரிசுக்காரர்கள் யாரும் குருவிநத்தத்துக்கு வந்து அவளை விசாரிக்கப் போவதில்லை. அந்த நினைப்பும் எனக்கு வந்தது; வரவில்லை என்று சொன்னால் பொய். சாயங்காலம்வரை கரும்புச் சோகை சலசலப்பதைக் கேட்டுக்கொண்டு கொல்லை ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். அதோடு பாரிசும் போயிற்று.

பொழுது சாயும்முன் தாழி இருந்த குழிக்குள் இறங்கினேன். அவளும் கூட இறங்கினாள். குப்பியைக் கையில் கவிழ்த்துக்கொண்டேன்.

"மூணு தபா போடணும் சாமி," என்றாள்.

முதல் இரண்டு தடவை போட்டேன். மூன்றாவது முறைக்கு முன்னால் அவள் என்னைத் தடுத்து, "சைகோன் எந்தப் பக்கம் சாமி?" என்று கேட்டாள்.

கடல் இருக்கும் கிழக்குத் திசையைக் காட்டினேன். அவள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றாள்.

"இப்பப் போடுங்க," என்றாள்.